குரல் மாற்றப்பட்டுள்ளது

இந்த ஏசியைக் கண்டுபிடிச்சவனை ஒரு நாள் இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில உக்கார வெக்கணும், அப்பத் தெரியும் அவனுக்கு. மணி ரெண்டே முக்கால். ரெக்கார்டிங் ரெண்டரைக்கு. உள்ளே குரல் பதியற ரூம்ல ஏசி ஒரே சுருதியில முனகுது, மைக்ல அந்த முனகலும் சேர்ந்து விழுது, மெக்கானிக் ஏணியில ஏறி அரை மணி நேரம் ஆச்சு, இறங்குற வழியைக் காணோம். ஜெரால்டு கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டி, "அஞ்சே நிமிஷம் மேடம்"னான். எங்க புரொட்யூசர். நல்ல பையன்தான், ஆனா அவன் சொல்ற அஞ்சு நிமிஷத்துல ஒருத்தர் மெட்ராஸ்லேர்ந்து செங்கல்பட்டு போயிட்டு வந்துடலாம். சரின்னு தலையாட்டினேன். வேற என்ன செய்யறது? தண்ணி குடிக்கலாம்னா கேன் காலி. காலையிலேயே காலி. "சொல்லியாச்சு மேடம், வரும்"னு வாட்ச்மேன் சொல்றான், இருபத்திரண்டு வருஷமா இந்த ஆபீஸ்ல எல்லாம் சொல்லியாச்சு, எல்லாம் வரும். நாக்கு வறளுது. மடியில நாலு பக்கம் ஸ்கிரிப்ட். நாலையும் படிச்சாச்சு. ரெண்டாவது பக்கத்தை மட்டும் ஏழு தடவை. ஏழாவது தடவையும் அதேதான் இருக்கு. பேரு இல்ல, ஊரு இல்ல, மேலே 'சாட்சி, பெண், வயது 26'னு ஒரு வரி, அவ்வளவுதான். ஆனா பெத்தவளுக்குத் தெரியாமப் போயிடுமா? இது என் பொண்ணு. இந்துஜா. இன்னிக்குக் காலையில எனக்கு டப்பால தயிர் சாதம் போட்டுக் குடுத்து, "ஊறுகாய் வெச்சிருக்கேன், மூடியைப் பாத்துத் திற, கொட்டிடும்"னு சொல்லிட்டு வேலைக்குப் போனவ.

அடிப்பாவி. ஊறுகாய்க்குச் சொன்னியே, இதுக்கு ஒரு வார்த்தை சொன்னியா. சரி, கோபப்படாதே கோமளா, கோபப்பட்டா தொண்டை கட்டிக்கும், உன்கிட்ட இருக்கறது அந்தத் தொண்டை ஒண்ணுதான். நான் இங்க டேப் லைப்ரரியில வேலைக்குச் சேர்ந்தவ. கேசட்டுக்கு நம்பர் போட்டு அலமாரியில அடுக்குற வேலை. குரலுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. டிவியில 'விசாரித்த வகையில்' நிகழ்ச்சி ஆரம்பிச்ச புதுசு, வேதநாயகம் சார்தான் அப்ப புரொட்யூசர். மூணாவது வாரமோ நாலாவது வாரமோ, ஒரு நர்ஸம்மா ஆஸ்பத்திரியில நடந்ததைச் சொல்லி அழுவுறாங்க, முகத்தை இருட்டுல வெச்சு, குரலை மெஷின்ல மாத்திப் போட்டாங்க. மெஷின் மாத்தினா எப்படி இருக்கும்? தவளை கத்துற மாதிரி. மறுநாள் சார் டீக்கடையில நிக்கும்போது நாலு பேர் அந்த அழுகையைப் பேசிக் காட்டிச் சிரிச்சிருக்காங்க. மனுஷன் நேரா ஆபீஸுக்கு வந்து, டீ கூடக் குடிக்கல, "அழுவுறவங்களைப் பாத்து ஊரு சிரிச்சா அப்புறம் நாம என்ன மயிருக்கு நிகழ்ச்சி நடத்துறோம்"னு கத்தினார். அப்படிப் பேசுறவரே கிடையாது அவரு. அந்த நேரம் பாத்து நான் கேசட் டிரேயைத் தூக்கிட்டு அந்தப் பக்கம் போனேன். "ஏம்மா, நீ இங்க வா, இதைக் கொஞ்சம் படி"ன்னார். படிச்சேன். அன்னிக்குப் பிடிச்சது. மறைஞ்சிருந்து பேசுற பொம்பளைங்க அத்தனை பேருக்கும் நான்தான் வாய். திரையில ஒரு நிழல் உக்காந்திருக்கும், கீழே 'குரல் மாற்றப்பட்டுள்ளது'னு எழுத்து ஓடும். அதுதான் நான். கடைசியில ஓடுற பேருங்கள்ல கேமராவைத் தூக்குறவன் பேரு வரும், லைட்டைத் தூக்குறவன் பேரு வரும், என் பேரு வராது. வந்தா குரல் யாரோடதுன்னு தெரிஞ்சுடுமே. வராதது சரிதான். இருந்தாலும் ஒரு தடவையாவது போட்டிருக்கலாம்னு தோணும்.

பேரு வராட்டி என்ன, காது இருக்கறவங்க விடுறாங்களா? ஒரு நாள் மார்க்கெட்ல சேப்பங்கிழங்கு விலை கேட்டுட்டு நிக்கிறேன், பக்கத்துல ஒரு அம்மா கூடையைக் கீழே வெச்சுட்டு என் கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாங்க. "பிரசவ வார்டுல குழந்தையை மாத்திட்டாங்கன்னு சொன்னது நீங்கதானே? அப்புறம் கிடைச்சுதாம்மா?"னு கேக்கறாங்க. கண்ணுல தண்ணி. ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. "கிழங்கு நல்லா இல்லைங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அந்தக் குழந்தை கிடைச்சுதான்னு எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. நாங்க போடுவோம், 'ஆவன செய்யப்படும்'னு ஒரு லெட்டர் வரும், அதை அடுத்த வாரம் படிச்சுக் காட்டுவோம், அதோட முடிஞ்சுது. பாலுல கலப்படத்தை மட்டும் நாலு தடவை போட்டோம், நாலாவது தடவை எனக்கு ஸ்கிரிப்டே தேவைப்படல. வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு ஆரம்பிச்ச நிகழ்ச்சியை ஞாயித்துக்கிழமை காலையில பட்டுப்புழு வளர்ப்புக்கும் பஜனைக்கும் நடுவுல சொருகினாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி வெள்ளிக்கே கொண்டு வந்தாங்க. யாரு பாக்கறாங்க? எங்க வீட்டுக்காரர் பாக்கறார், சாஞ்சு உக்காந்துக்கிட்டு, பாதியில குறட்டை. இந்து சின்னவளா இருந்தப்ப முழுசாப் பாப்பா. வியாழக்கிழமை ரெக்கார்டிங் முடிஞ்சு நான் வீட்டுக்குள்ள செருப்பைக் கழட்டறதுக்குள்ள ஓடி வந்து, "அம்மா, இன்னிக்கு நீ யாரு?"ன்னு கேப்பா. அவளுக்கு அது ஒரு விளையாட்டு. "அதெல்லாம் சொல்லக் கூடாதுடி"ன்னுவேன். "நர்ஸா? டீச்சரா? போலீஸ் பொண்டாட்டியா?"ன்னு பின்னாலேயே சமையல் ரூம் வரைக்கும் வருவா. பன்னெண்டு வயசு வரைக்கும் கேட்டா. அப்புறம் கேக்கறதை விட்டுட்டா, நானும் "ஏண்டி விட்டுட்டே?"ன்னு கேக்கல.

அதாவது, அவளுக்குத் தெரியும். அங்கதான் எனக்கு வயிறு எரியுது. யார்கிட்ட போய்ச் சொன்னாலும் கடைசியில இந்தப் பேப்பர் யார் மடிக்கு வரும்னு அவளுக்குத் தெரியும். மூஞ்சிக்கு நேரா நின்னு சொல்ல தைரியம் இல்ல, அதனால என் வாயாலேயே என்னைச் சொல்ல வெச்சுட்டா. கெட்டிக்காரி. யாரு பெத்தது? ஜெரால்டுக்கு ஒண்ணும் தெரியாது, அவன் எங்க வீட்டு வாசல் மிதிச்சதில்ல, இந்துவை எங்கேயோ ஒரு லாட்ஜ் ரூம்ல வெச்சுப் பேட்டி எடுத்திருக்கான், யாரோ ஒரு லேப் பொண்ணு அவனுக்கு. எனக்கும் மொதப் பக்கம் முடியற வரைக்கும் யாரோ ஒரு லேப் பொண்ணுதான். 'ரத்தம் எடுப்போம். ட்யூப்ல பேரு ஒட்டுவோம். அப்புறம் சாயங்காலம் சிங்க்ல கொட்டிடுவோம். மெஷின்ல போடுற கெமிக்கல் தீர்ந்து போய் வாங்கித் தரல. வயசைப் பாத்து, போன ரிப்போர்ட்டைப் பாத்து ஒரு நம்பர் எழுதச் சொன்னாங்க. மொதல்ல எழுதி எழுதி அடிச்சேன்.' படிக்கும்போது நான் என்ன நினைச்சேன் தெரியுமா? 'அய்யோ, எங்க இந்துவும் லேப்லதானே இருக்கா, இந்த மாதிரி இடத்துல மாட்டாம இருக்கணும் முருகா'ன்னு நினைச்சேன். பக்கத்தைத் திருப்பறேன். 'எங்க அம்மாவுக்கு சுகர். தை மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை நானே வீட்ல வெச்சு ரத்தம் எடுத்தேன். அம்மா ஊசியைப் பாக்க மாட்டாங்க. எதிர் வீட்டு மாடியில காயுற துணியை எண்ணுவாங்க. அன்னிக்குப் பதினாலு துணி. மறுநாள் லேப்ல அந்த ட்யூப் கையில வந்துச்சு. பேரைப் பாத்தேன். பாத்ததுக்கப்புறமும் கொட்டிட்டேன். நூத்திப் பன்னெண்டுன்னு எழுதினேன். யாரும் எழுதச் சொல்லல. கை பழகிடுச்சு. அம்மா சந்தோஷப்பட்டுக் கேசரி கிண்டினாங்க. நானும் உக்காந்து சாப்பிட்டேன். எங்க அம்மாவுக்கு இது தெரியாது.' பதினாலு. ஆமா, பதினாலுதான். அதுல ரெண்டு போர்வை.

சாட்சிங்க எல்லாரும் அம்மாவை 'அம்மா சொன்னாங்க, அம்மா செஞ்சாங்க'ன்னுதான் பேசுவாங்க, கேமரா முன்னாடி. இந்து வீட்ல என்னை நீ, வா, போன்னுதான் கூப்பிடுவா. பேப்பர்லயாவது மரியாதை குடுத்திருக்கா. எண்ணுவாங்க, சந்தோஷப்பட்டுக் கேசரி கிண்டினாங்க. அந்த 'ங்க' என்னை என்னமோ பண்ணுது. அதை விடு. நூத்திப் பன்னெண்டு! ஊரெல்லாம் டமாரம் அடிச்சேனே. அக்காவுக்கு போன் போட்டுச் சொன்னேன், மாடி வீட்டு அம்மாகிட்ட சொன்னேன், பஸ்ல பக்கத்துல உக்காந்த முன்பின் தெரியாத பொம்பளைகிட்டயும் சொன்னேன், "வெந்தயம் ஊற வெச்சுச் சாப்பிடுங்க, என்னைப் பாருங்க, நூத்திப் பன்னெண்டு"ன்னு. டாக்டர் ரிப்போர்ட்டைப் பாத்துட்டு "ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்களே"ன்னு மாத்திரையைப் பாதியாக் குறைச்சார். எதை வெச்சிருக்கேன்? சிங்க்ல போன ரத்தத்தை வெச்சிருக்கேன். போன வருஷம் ஆபீஸ்ல மெடிக்கல் கேம்ப் போட்டப்ப நெஜமாவே நூத்திப் பன்னெண்டு வந்துச்சு, அந்தப் பேப்பர் ஃப்ரிட்ஜ் மேல காந்தத்துல ஒட்டி இருந்துச்சு, அதைத்தான் பாத்து எழுதியிருக்கா. மாத்திரை பாதி, பங்குனி பொறந்ததுலேர்ந்து மாம்பழம் முழுசு. வலது கால் கட்டைவிரல் மூணு வாரமா மரத்துப் போகுது. செருப்பு மாத்தினா சரியாகும்னு இந்துகிட்ட சொன்னேன். நான் சொன்னப்ப அவ தட்டுல சாதத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தா, வாயில வெக்கல. இப்பத்தான் ஞாபகம் வருது, அன்னிக்குப் பூரா அவ சாப்பிடல. "என்னடி, டயட்டா?"ன்னு கிண்டல் பண்ணேன் நான். அதுக்கு ரெண்டு நாள் கழிச்சுத்தான் தேதி போட்டிருக்கு இந்தப் பேட்டிக்கு. எங்க அப்பாவுக்கும் கட்டைவிரல்லதான் ஆரம்பிச்சுது. ரயில்வே கார்டு, பச்சைக் கொடி காட்டிக்கிட்டு கம்பீரமா நிப்பார். மொதல்ல விரல், அப்புறம் பாதம், அப்புறம் முழங்காலுக்குக் கீழே ஒண்ணும் இல்ல. நாக்கு வறளுறது கூடத் தண்ணி கேன் காலிங்கறதால இல்லையோ என்னமோ. செருப்பைக் கழட்டி விரலைத் தரையில வெச்சுப் பாக்கறேன். சில்லுன்னு இருக்கணும். இருக்கா? இருக்கற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. எனக்கு பயமா இருக்கு.

"இன்னும் ரெண்டே ஸ்க்ரூ மேடம்"ங்கறான் ஜெரால்டு. உன் ஸ்க்ரூவைக் கொண்டு குப்பையில போடு. இப்ப நான் என்ன செய்யணும், அதைச் சொல்லு. வேதநாயகம் சார் சட்டம் போட்டுட்டுப் போயிட்டார், ரிட்டயர் ஆகி, செத்தும் போயாச்சு, சட்டம் மட்டும் உக்காந்திருக்கு. சாட்சி சொன்னதுல ஒரு வார்த்தை மாத்தக் கூடாது. யாருன்னு கேக்கக் கூடாது. தெரிஞ்சவங்களா இருந்தா பேப்பரைக் கீழே வெச்சுட்டு எழுந்து வந்துடணும். அதுக்கு ஒரு ஃபாரம், 'இச்சாட்சி எனக்கு முன்பின் அறிமுகம் இல்லாதவர்' அப்படின்னு, ஒவ்வொரு ரெக்கார்டிங்குக்கும் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். நாளைக்கு எதிராளி வக்கீல் வந்து 'உங்க ஆளுங்களே ஜோடிச்சாங்க'ன்னு சொல்லக் கூடாதில்ல, அதுக்கு. தயாளன்னு ஒருத்தர் இருந்தார், ஆம்பளைக் குரலுக்கு. ஒரு கல்குவாரி ஆளு பேசினதைப் படிக்கும்போது, அது அவரோட மச்சானுக்குக் கூட்டாளின்னு கண்டுபிடிச்சுட்டார். நேர்மையான மனுஷன். பேப்பரைக் கீழே வெச்சார், எழுந்து வந்தார். அந்த வாரம் நிறுத்தினாங்க. அடுத்த வாரத்துக்குள்ள அந்தக் குவாரி ஆளுக்கு யாரோ என்னமோ சொல்லி, அவன் பயந்து போய் 'நான் ஒண்ணும் சொல்லல சாமி'ன்னு ஊருக்கே போயிட்டான். குவாரி இன்னிக்கும் வெடி வெச்சுட்டுத்தான் இருக்கு. தயாளன் செஞ்சது ரொம்பச் சரி. சரியாச் செஞ்சார், ஒண்ணும் நடக்கல.

நான் எழுந்து வந்தா என்ன ஆகும்? நாளைக்கு வெள்ளிக்கிழமை இது போகாது. அடுத்த வெள்ளியிலேர்ந்து தேர்தல் நேரம், எட்டு வாரத்துக்கு நிகழ்ச்சியே கிடையாதுன்னு சர்க்குலர் வந்தாச்சு. எட்டு வாரம். ஒரு நாளைக்கு நூத்தம்பது பேர் அங்க ரத்தம் குடுக்கறாங்கன்னு மூணாவது பக்கத்துல இருக்கு. நூத்தம்பது பேரும் வீட்டுக்குப் போய்க் கேசரி கிண்டுவாங்க. இந்துவும் தினம் காலையில போய் எழுதுவா, இல்ல எழுத மாட்டேன்னு நிப்பா, நின்னா அவங்க சும்மா விடுவாங்களா? யாரோ ஒருத்தி டிவிக்குப் போயிருக்கான்னு இந்நேரம் வாசனை பிடிச்சிருப்பாங்க. எட்டு வாரம் பயத்துல இருந்தா யாருதான் 'நான் ஒண்ணும் சொல்லல'ன்னு சொல்ல மாட்டாங்க? சரி, எழுந்து வரலைன்னா? கையெழுத்துப் போட்டா? அது பொய்க் கையெழுத்து. பெத்த பொண்ணை முன்பின் தெரியாதுன்னு எழுதிக் குடுக்கணும். நாளைக்கே லேப்காரன் கண்டுபிடிச்சான்னா, 'அம்மாவும் பொண்ணும் சேர்ந்து நாடகம்'னு ஒரே அடியில எல்லாத்தையும் ஊத்தி மூடிடுவான். ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டவ இந்துதான், மொத விலங்கு அவளுக்குத்தான் வரும். வந்தாலும் வரட்டும்னுதானே பேசியிருக்கா. நான் இத்தனை வருஷம் யார் யார் பெத்த பொண்ணுக்கெல்லாமோ 'தைரியமாச் சொல்லு'ன்னு மனசுக்குள்ள கை தட்டினவ, என் வீட்டுக்கு வந்ததும் 'உனக்கு ஏண்டி இந்த வேலை'ங்கறேன். ஊருக்குத்தான் உபதேசம். போன் பண்ணிக் கேட்டுடலாமா? கேட்டா எனக்குத் தெரியும்னு ஆயிடும். தெரிஞ்சுக்கிட்டு உள்ளே போறது வேற, தெரிஞ்சுதுன்னு வாய் விட்டுச் சொல்லிட்டு உள்ளே போறது வேற. ரெண்டும் ஒண்ணுதான்னு எனக்கும் தெரியும். ரெண்டும் வேறன்னும் தோணுது. கத்தணும் போல இருக்கு, ஆனா நான் கத்தினதா இந்தக் கட்டிடத்துல யாரும் கேட்டதே இல்ல, மத்தவங்களுக்காகக் கத்தினதுதான்.

சரி, போடுறதா வேண்டாமான்னு ஒரு முடிவுக்கு வா. அந்த ஃபாரத்துல வார்த்தை எப்படி இருக்குன்னாவது பாப்போம், ஏதாவது சந்து பொந்து இருக்கும். கிளிப்பை எடுத்துட்டுக் கடைசித் தாளைத் திருப்பறேன். 'இச்சாட்சி எனக்கு முன்பின் அறிமுகம் இல்லாதவர்.' கீழே கோமளவல்லி. சுழிச்சுப் போட்ட ளகரம், அடியில ஒரு கோடு, தேதி, நேரம் ரெண்டு இருபது. என் கையெழுத்து. எப்பப் போட்டேன்? ரெண்டு இருபதுக்கு நான் மாடிப்படி ஏறிக்கிட்டு இருந்தேன். தண்ணி கேனுக்காக வாட்ச்மேனோட சண்டை பிடிச்சுக்கிட்டே வந்தேன், ஜெரால்டு மேலேர்ந்து இறங்கி வந்து ஸ்கிரிப்ட் மாட்டின அட்டையை நீட்டினான், பேனாவையும் அவன்தான் குடுத்தான், நான் வாட்ச்மேனைத் திட்டறதை நிறுத்தக் கூட இல்ல. போட்டிருக்கேன். படிக்காம. யாருன்னு பாக்காம. இன்னிக்கு மட்டுமா? இருபத்திரண்டு வருஷமா அப்படித்தான் போடுறேன். இது வரைக்கும் ஆயிரம் ஃபாரம் இருக்கும், என் அலமாரியிலதான் இருக்கு, ஒண்ணைக் கூட நான் படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டதில்ல. போட்டப்ப எனக்குத் தெரியாதே, அதனால அது பொய் இல்லையேன்னு ஒரு பக்கம் மனசு வக்கீல் மாதிரி பேசுது. போடி. ஒருத்தி ட்யூபைப் பாத்தா, பேரைப் பாத்தா, எழுதினா. இன்னொருத்தி பாக்கவே இல்ல, எழுதினா. இதுல எவ யாரைத் திட்டறது? சிரிப்பு வந்துடுச்சு எனக்கு. நெஜமாவே வாய் விட்டுச் சிரிச்சுட்டேன், வாட்ச்மேன் எட்டிப் பாத்தான். கை பழகிடுச்சுன்னு சொல்லியிருக்காளே, அது எனக்குப் புரியலைன்னு இனிமே நான் சொல்ல முடியாது. கிழிச்சுப் போடலாம். கிழிச்சுட்டு, "ஜெரால்டு, என்னால முடியாதுப்பா"ன்னு சொல்லலாம். தாளோட ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். உள்ளே அந்த முனகல் பட்டுன்னு நின்னுது. கட்டிடமே மூச்சைப் பிடிச்ச மாதிரி அமைதி. "வாங்க மேடம்"னான் ஜெரால்டு. தாளைக் கிளிப்புல மாட்டினேன். எழுந்து போனேன்.

உள்ளே புழுக்கம். ஏசியை அணைச்சாத்தான் பேச முடியும், பேச ஆரம்பிச்சா வேர்க்கும், இதுதான் எங்க தொழில்நுட்பம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெரால்டும் சவுண்ட் போடுற உஸ்மானும். "லெவல் குடுங்க மேடம்"ன்னார் உஸ்மான். குரல் அளவு பாக்க எப்பவும் சொல்றதைச் சொன்னேன், "சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கு, உருளைக்கிழங்கு." சிவப்பு விளக்கு எரிஞ்சுது. மொதப் பக்கம் போச்சு. கெமிக்கல், சிங்க், சாயங்காலம், எல்லாம் போச்சு. ரெண்டாவது பக்கம். இந்து எங்கெங்க நிறுத்திப் பேசுவான்னு எனக்குத் தெரியும், எந்த வார்த்தையில மூச்சு வாங்குவான்னு தெரியும், அந்த மாதிரி பேசிடக் கூடாது, பேசினா அவளைத் தெரிஞ்சவங்க கண்டுபிடிச்சுடுவாங்க. அதுக்காகத் தட்டையாவும் படிக்கக் கூடாது. அவ இல்லாம, நானும் இல்லாம, யாரோ ஒரு பொண்ணா. இத்தனை வருஷத்துல எனக்குத் தெரிஞ்ச வித்தை அது ஒண்ணுதான், இன்னிக்கு அது மட்டும் கைவிட்டுடக் கூடாது பிள்ளையாரப்பா. 'எதிர் வீட்டு மாடியில காயுற துணியை எண்ணுவாங்க.' போச்சு. 'பேரைப் பாத்தேன். பாத்ததுக்கப்புறமும் கொட்டிட்டேன்.' போச்சு. 'நானும் உக்காந்து சாப்பிட்டேன்.' அடுத்த வரி. எங்க அம்மாவுக்கு இது தெரியும்னு சொல்லிடலாமா? ஒரே ஒரு வார்த்தை வித்தியாசமா என்ன, ஒரு பொழைப்பே வித்தியாசம். நாளைக்கு ராத்திரி எட்டு மணிக்கு அவ சோபாவுல உக்காந்து கேப்பா. தெரியும்னு கேட்டா அவ மூச்சு விடுவா. ஆனா அது அவ சொன்னது இல்ல. அவ உயிரைக் குடுத்து ஒரு தடவை நெஜத்தைச் சொல்லியிருக்கா, அதுல போய் நான் என் கை வரிசையைக் காட்டி ஒரு நம்பரை மாத்தி எழுதறதா? வேண்டாம். 'எங்க அம்மாவுக்கு இது தெரியாது'ன்னு சொன்னேன். எழுதியிருந்த மாதிரியே. குரல் உடையல. கண்ணாடிக்குப் பின்னால ஜெரால்டு கட்டைவிரலை உயர்த்தினான். "ஒரே டேக் மேடம். அந்த அம்மா வரியில எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு"ன்னான். "மூணாவது பக்கம் போலாம்ப்பா, வேர்க்குது"ன்னேன்.

நாலரை மணிக்கு வெளியே வந்தேன். தண்ணி கேன் வந்திருந்துது. ரெண்டு டம்ளர் குடிச்சேன், அடங்கல, மூணாவதும் குடிச்சேன். லாக்கர்லேர்ந்து போனை எடுத்து மாடிப்படியில உக்காந்து இந்துவுக்குப் போட்டேன். மூணு ரிங்ல எடுத்தா. "என்னம்மா, ரெக்கார்டிங் இருக்குன்னியே?" "முடிஞ்சுது." அந்தப் பக்கம் யாரோ ஒரு நம்பரைச் சொல்லிக் கூப்பிடற சத்தம், ரத்தம் குடுக்க உக்காந்திருக்கறவங்களை. "நாளைக்குக் காலையில பெரியாஸ்பத்திரிக்குப் போய் சுகர் பாத்துட்டு வரலாம்னு இருக்கேன். நீயும் வா"ன்னேன். "தையிலதானேம்மா பாத்தோம்"னா. குரல் ரொம்பச் சின்னதா இருந்துச்சு. "ஆமா, பாத்தோம்"னேன். எவ்வளவு இருந்துச்சுன்னு அவளும் சொல்லல, நானும் சொல்லல. போனை வெச்சுட்டாளோன்னு காதுலேர்ந்து எடுத்துப் பாத்தேன், வெக்கல, விநாடி ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அப்புறம், "அம்மா"ன்னா. "ம்"னேன். "இன்னிக்கு நீ யாரு?" பதினாலு வருஷம் கழிச்சுக் கேக்கறா. என் கட்டைவிரல் மரத்துப் போயிருந்துது, எனக்கு அழுகை வந்துது, அவ மேல கோபம் போகல, அவளை இழுத்துக் கட்டிக்கணும் போலவும் இருந்துச்சு. "அதெல்லாம் சொல்லக் கூடாதுடி"ன்னேன். "ஆறரைக்கெல்லாம் கிளம்பணும், வெறும் வயித்துல. அங்க எதிர்ல மாடி எதுவும் இருக்காது, எண்ணறதுக்குத் துணி இருக்காது. நீ பக்கத்துல நின்னுக்கோ."